மெஸ் கட்டணமா, சொந்தச் சமையலா: கல்லூரி மாணவருக்கு எது கட்டுப்படியாகும்?

பருவத் தொடக்கத்திலேயே உணவுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடுவதா, தாமே சமைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் மெஸ் கட்டணத்தையும் மளிகைச் செலவையும் அருகருகே எழுதிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. மெஸ்ஸுக்கு நாம் பணம் கட்டுவது சமைத்து வைக்கப்படும் எல்லா வேளைகளுக்கும். வயிற்றுக்குள் போவதோ நாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த வேளைகள் மட்டுமே. வாரத்துக்கு 21 வேளை என்று வைத்துக்கொண்டால், தூக்கத்தில் ஐந்து காலை உணவுகளையும் வெளியில் தங்கிய ஓர் இரவு உணவையும் தவறவிடுபவர் 15 வேளைதான் சாப்பிடுகிறார்; அவருக்கு ஒரு வேளையின் உண்மையான விலை 40 சதவீதம் கூடிவிடுகிறது. ஆகவே, சாப்பிடாத நாளுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா, அதற்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதை உணவுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சொந்தச் சமையலின் கணக்கிலும் இதே போன்ற ஓட்டை உண்டு. காய்கறிகள் பெரும்பாலும் குடும்பத்துக்கான அளவில் கட்டி விற்கப்படுவதால், ஒருவர் வாங்கிய கீரைக்கட்டில் பாதி, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் பையோடு கறுத்து, நீர் விட்டுக் கிடக்கும். நேரமும் அப்படித்தான் போகிறது: அடுப்பில் இருபது நிமிடம் என்றால், கடைக்குப் போய் வருவதும் நறுக்குவதும் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதும் அதைப் போல இருமடங்கு கேட்கும். (பாத்திரம் தேய்ப்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.)

மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். வேகவைத்த பிறகும் அரிசியில் உயிரோடு எஞ்சும் சில நுண்ணுயிர் வித்துகள், சோறு வெளியில் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழிவதில்லை. சோற்றைச் சிறு டப்பாக்களில் பிரித்து விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்துவிட வேண்டும்.

சத்து என்று வரும்போது சொந்தச் சமையலே மேல் என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்பேன். எண்ணெயும் உப்பும் நம் கையில் இருப்பது பெரிய வசதி. ஒவ்வாமை உள்ளவருக்கு அதற்கு ஈடே இல்லை. ஆனால் தேர்வு வாரம் வந்துவிட்டால், தனியே சமைப்பவரின் தட்டில் மூன்று நாளும் நூடுல்ஸே இருக்கும், மெஸ்ஸிலோ அன்றும் ஒரு காயாவது இருக்கும்.

அதனால், மெஸ்ஸின் விதிமுறை இடங்கொடுத்தால், வகுப்புகளுக்கு நடுவே வரும் மதிய உணவுக்கு மட்டும் பணம் கட்டி, இரவுச் சமையலை நால்வர் முறைவைத்துச் செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்: நான்கு நாளுக்கு ஒருமுறைதான் கரண்டி பிடிக்க வேண்டியிருக்கும், கீரைக்கட்டும் ஒரே வேளையில் தீர்ந்துவிடும். முழுக்கச் சமைத்துக்கொள்ள நினைப்பவர், முடிவெடுக்கும் முன் ஒரு மாலை ஏழரை மணிக்கு விடுதியின் பொதுச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கட்டும்; இரண்டு அடுப்புக்கு முன்னால் எட்டுப் பேர் பாத்திரத்தோடு நின்றால், மெஸ் கட்டணம் அவ்வளவு அதிகமாகத் தோன்றாது.