தழும்பில் பிறக்கும் படபடப்பு: மாத்திரையா, அப்லேஷனா, ஐசிடியா?

சிறுவயதில் பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வளர்ந்தபின் வரும் படபடப்புக்கு, பெரும்பாலும் அந்த அறுவையின் தழும்பே காரணமாகிறது. வலது மேலறைத் தையலுக்கும் மூவிதழ் வால்வின் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) விளிம்புக்கும் இடையே மின்தூண்டல் சுழலத் தொடங்கிவிட்டால், அது தானாக அடங்குவது அரிது. மேலறை நிமிடத்துக்கு 220 முறை துடித்து, இரண்டுக்கு ஒன்றே கீழறையை எட்டும்போது நாடி 110 என்று காட்டும். இசிஜியிலும் அது சாதாரண வேகத் துடிப்பைப்போலவே தெரியக்கூடும். உறங்கும்போதும் அந்த 110 குறையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

மாத்திரை உடனே தொடங்கக்கூடியது என்பதால் முதலில் அதுவே கைக்கு வருகிறது. பீட்டா பிளாக்கர் நாடியின் வேகத்தைத் தணிக்குமே தவிர, சுழற்சியை அறுப்பது அரிது. அமியோடரோன் வலுவானது, ஆனால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் அது பாதிக்கக்கூடும் என்பதால், இருபது வயதுக்காரரை அதை ஆண்டுக்கணக்கில் விழுங்கச் சொல்வதை நான் நல்ல தீர்வாகக் கருதவில்லை. ஃபிளெகெய்னைடு என்ற துடிப்புச் சீராக்கும் மருந்து, தழும்பேறிய கீழறையில் புதிய ஆபத்தான துடிப்பையே தூண்டிவிடக்கூடும்.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இரத்தநாளம் வழியே இதயத்துக்குள் செலுத்திச் செய்யும் அப்லேஷன், நோயின் இடத்தையே தாக்குகிறது. முப்பரிமாண வரைபடத்தில் சுழற்சியின் குறுகிய பாதையைக் கண்டறிந்து, அங்கே வெப்பத்தால் தடுப்புக் கோடு இடுகிறார்கள். மேலறைத் துளையை அடைத்தவர்களுக்கும் ஃபெலோட் குறைபாட்டை (நான்கு கோளாறுகள் சேர்ந்த பிறவி இதயக் குறைபாடு) சரிசெய்தவர்களுக்கும், மருந்துகள் தோற்கும்வரை காத்திராமல் இதைத் தொடக்கத்திலேயே பரிசீலிப்பது நல்லது. ஃபான்டன் அறுவை (ஒரே கீழறையால் இயங்கும் இதயத்துக்காக, உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை நேரே நுரையீரலுக்கு அனுப்பும் அறுவை) செய்துகொண்டவர்களின் நிலை வேறு: கதீட்டர் மேலறையை எட்டுவதற்கே செயற்கைக் குழாயைத் துளைக்க வேண்டியிருக்கலாம், சுழற்சிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருக்கலாம், மீண்டும் வருவதும் அதிகம். அங்கே மருந்துக்குக் கூடுதல் இடம் உண்டு; அனுபவமுள்ள மையம் என்பதும் பெரிதும் முக்கியம். எதைத் தேர்ந்தாலும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பற்றித் தனியே முடிவெடுத்தாக வேண்டும்.

கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், அங்குதான் ஐசிடி, அதாவது ஆபத்தான துடிப்பைக் கண்டறிந்து மின்னதிர்ச்சியால் நிறுத்தும், உடலுக்குள் பொருத்தும் கருவி, வருகிறது. அது துடிப்புச் சீர்கேட்டை வராமல் தடுப்பதில்லை, வந்தபின் நிறுத்துகிறது; மேலறையின் வேகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, விழிப்பிலிருப்பவருக்கே மின்னதிர்ச்சி கொடுத்துவிடுவதும் உண்டு. தோலுக்கடியில் பொருத்தும் வகையில் இதயத்துக்குள் கம்பி இல்லை என்றாலும், மெதுவான நாடியைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது. ஆகவே இங்கே அப்லேஷனும் ஐசிடியும் போட்டியாளர்கள் அல்ல. ஒருவருக்கே இரண்டும் தேவைப்படலாம்.

ஃபெலோட் சீரமைப்புக்குப்பின் நுரையீரல் வால்வை மாற்றவிருப்பவர்கள், மின்னியல் பரிசோதனை (கதீட்டரால் இதயத்தின் மின்பாதைகளைச் சோதிப்பது) தேவையா என்று அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். ஆபத்தான பாதை அந்த வால்வின் இடத்தை ஒட்டியே செல்லக்கூடும்; புதிய வால்வு அதை மூடிவிட்டால், பின்னர் கதீட்டரால் அங்கே எட்டுவது மிகவும் கடினம்.