நீல டோக்கனை நம்பி 18,400 ரூபாயை விட்டேன்: பூங்கா வாசலில் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று புதன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 18,400 ரூபாய். அதுவும் என்னுடைய பொருளாக இருந்தால் தொலைந்தது போகட்டும் என்று விட்டிருப்பேன். இரவல் வாங்கிய கேமரா.

பூங்காவின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சென்னைக்கு வெளியே, ராட்டினமும் நீர்ச்சறுக்கும் செயற்கை அலைக்குளமும் வைத்திருக்கும் பெரிய பூங்காக்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணியிலிருந்து விடியற்காலை வேன் பிடித்துக் கிளம்பினோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கை, அவளுடைய பத்து மாதக் குழந்தை, என்னோடு சேர்த்து ஏழு பேர். என் மைத்துனன் கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுப்பவன். தண்ணீருக்குள்ளும் படம் எடுக்கும் சின்ன கேமரா ஒன்று போன வருடம் வாங்கினான். பில் தொகை 18,400 ரூபாய். பிள்ளைகள் கெஞ்சியதால் ஒருநாள் இரவல் கொடுத்தான். கொடுக்கும்போதே, “மாமா, இதை மட்டும் கையை விட்டு இறக்காதீர்கள்” என்றான்.

வாசலில் இருந்தது பாதுகாப்புச் சோதனையா, சாப்பாட்டு வேட்டையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மெட்டல் டிடெக்டர் வாசலைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அது கூவிக்கொண்டே இருந்தது. எதற்குக் கூவுகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் நீள மேசை போட்டு, பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முறுக்குப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்கள். பெண்களுக்கான துணித் தடுப்புக்குள் அம்மாவின் சுருக்குப் பையைப் பிரித்து, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா வரை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். எழுபது வயதுக்காரி. “இதை வைத்து நான் யாரைச் சுடப்போகிறேன்?” என்று அம்மா கேட்டதற்கு அந்தப் பெண் காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிச் சாப்பாட்டைத் தடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று நான் சண்டை போடவில்லை. தியேட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அப்படித்தான் சொன்னது: வெளித் தின்பண்டம் வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லலாம், ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது. பூங்கா தியேட்டர் அல்லதான். இருந்தாலும் தங்கை அதைச் சொல்லித்தான் கேழ்வரகுக் கஞ்சி பிளாஸ்க்கை உள்ளே கொண்டுபோனாள். அதற்கே பத்து நிமிட வாக்குவாதம்.

சிக்கல் கேமராவில் வந்தது. அது ஒரு கைப்பிடிக் கம்பியில் பொருத்தியிருந்தது. கம்பிக்கு அனுமதி இல்லை என்றார்கள். கழற்றலாம் என்றால் திருகு இறுகிக் கிடந்தது, நகக்கண்தான் வலித்தது. சரி, வேனிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்று கேமராவையும் புளியோதரைத் தூக்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். உண்மையாகவே பத்தடி நடந்துவிட்டேன். அந்தப் பத்தடியை நினைத்தால்தான் இப்போதும் தூக்கம் வரவில்லை.

மேசையின் ஓரத்தில் நின்றிருந்த காவலர் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, தோளில் விசில் கயிறு. “இந்த வெயிலில் ஏன் சார் அலைகிறீர்கள்? வேன் நிறுத்துமிடம் அந்தக் கோடியில் இருக்கிறது. எந்த ஊர்?” என்றார். ஆரணி என்றேன். “அட, எனக்குப் போளூர். கொடுங்கள், நான் சாயந்திரம் வரை இங்கேதான் இருப்பேன்.” அவ்வளவுதான். போளூர் என்ற ஒரு சொல்லுக்கு நான் கவிழ்ந்துவிட்டேன். வெளியூரில் நம் பக்கத்து ஆளைப் பார்த்தால் நமக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

பையை வாங்கி மேசைக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்தார். நீல நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த காகித நாடாவில் பேனாவால் 47 என்று எழுதியிருந்தது. பூங்காவின் பெயர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பு இல்லை. கேமராவைத் தொட்டுக் காட்டி, “இது விலை உயர்ந்த பொருள்” என்று சொன்னேன். “நம் வீட்டுப் பொருள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் சார்” என்றார். என் மனைவி மட்டும், “எழுதி வாங்குங்கள்” என்றாள். எனக்குக் கேட்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். கேட்டது.

மாலை ஆறு மணிக்குத் திரும்பினோம். மேசையில் வேறு ஆட்கள். வில்லையை நீட்டினேன். ஓர் இளைஞன் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். தூக்கு அப்படியே இருந்தது. புளியோதரையை யாரும் தொடவில்லை. அம்மாவின் சுண்ணாம்பு டப்பாவைக்கூடத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கேமரா இல்லை. கம்பி மட்டும் பையின் அடியில் கிடந்தது. நான் திருகித் திருகிக் கழற்ற முடியாத அந்தத் திருகை யாரோ பதமாகக் கழற்றியிருந்தார்கள்.

போளூர்க்காரர் எங்கே என்றேன். “ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார்.” பெயர்? “தெரியாது சார், ஏஜென்சி ஆட்கள் தினம் மாறுவார்கள்.” மேற்பார்வையாளர் வந்தார், வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கேமரா கொண்டுவந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?” காலையில் கேமராவைப் பார்த்துத்தானே ஐயா தடுத்தீர்கள்! சிசிடிவி பார்க்கலாம் என்றேன். அதற்கு மேனேஜர் வேண்டும், மேனேஜர் திங்கட்கிழமைதான் வருவார். வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போனால் அங்கிருந்த பெண் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள்: ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. கொசு அளவு எழுத்து. பொறுப்பல்ல என்றால் கையில் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். “அது செக்யூரிட்டி, நாங்கள் வேறு சார்.”

திங்கட்கிழமை மூன்று முறை போன் செய்தேன். முதலில் ‘கூப்பிடுகிறோம்’. அடுத்து ‘மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்’. மூன்றாவது முறை பாட்டு போட்டார்கள், பதினாறு நிமிடம் அந்தப் பூங்காவின் விளம்பரப் பாட்டைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கி, நல்லெண்ண அடையாளமாக இரண்டு இலவச டிக்கெட் தருகிறார்களாம். வார நாள்களில் மட்டும் செல்லும். 18,400 ரூபாய் கேமராவுக்கு இரண்டு டிக்கெட்! மறுபடியும் அந்த மேசையில் பையைக் கவிழ்க்க நான் போக வேண்டுமாம்.

போலீஸ் நிலையத்தில் ஞாயிறு இரவே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். “தொலைத்தீர்களா, திருட்டா, முதலில் அதை முடிவு செய்யுங்கள்” என்று ஏட்டு சொன்னது தனிக் கதை.

ஆரணி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர்தான் கொஞ்சம் தெம்பு கொடுத்தார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம்: பிறர் பொருளைக் காக்க வாங்கிக்கொண்டவர், ஒரு சராசரி மனிதர் தன் சொந்தப் பொருளிடம் காட்டும் அக்கறையை அதனிடமும் காட்ட வேண்டும். டெல்லியில் 1998-இல் ஒரு நட்சத்திர ஓட்டலின் வேலட்டிடம், அதாவது காரை வாங்கி நிறுத்திவைக்கும் ஊழியரிடம், சாவி கொடுத்த கார் களவுபோனது. டோக்கனில் ‘கார் உரிமையாளரே பொறுப்பு’ என்று அச்சிட்டிருந்தும், தங்கள் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் அதைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்தோரு ஆண்டு! நான் காரைத் தொலைக்கவில்லை, அதனால் அவ்வளவு காலம் ஆகாது என்று நண்பர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓயவில்லை, மனம்தான் ஓய்ந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனை மேசையில் எதையும் ஒப்படைக்காதீர்கள், ஒருவர் வேனுக்குத் திரும்பி நடந்தால் கால்தான் வலிக்கும். கொடுத்தே ஆக வேண்டுமானால் பொருளின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மேசைமேல் வைத்தே படம் எடுங்கள். காவலரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், தனியார் காவலர்கள் படம் ஒட்டிய அட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊர் எது என்று பேச்சுக் கொடுத்தால் பையை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். ஏமாந்துவிட்டால் 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண். நான் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லையாம், அடுத்தது அதுதான்.

தறிக்குப் பாவு வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் இப்போது 18,400 ரூபாயைப் பிய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை செய்யாற்றில் மைத்துனனுக்கு ஒரு மஞ்சள் நீராட்டு விழா வேலை இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். இன்னும் எடுக்கவில்லை.