மரப்பொட்டி ப்ளூடூத் ஸ்பீக்கர், மூணு வருஷம் ஓட்டின கதை

பழைய ஹோம் தியேட்டர்ல ஆம்ப் (சத்தத்த பெருக்கற ஆம்ப்ளிஃபயர்) புட்டுக்கிச்சு, ஆனா அதுல இருந்த நாலு இன்ச் ஸ்பீக்கர் ரெண்டும் (4 ஓம், ரப்பர் விளிம்பு) நல்லாத்தான் இருந்துச்சு, தூக்கிப்போட மனசு வரல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல டிபிஏ3116 சிப் வெச்ச ஆம்ப் போர்டு ஒண்ணு வாங்கினேன். 50+50 வாட்ஸ்னுதான் சொல்லி விக்கறாங்க, அதெல்லாம் 21 வோல்ட் குடுத்தாத்தான். நம்ம 12 வோல்ட் அடாப்டருக்கு சேனலுக்கு 15 வாட்ஸ் வந்தா பெருசு. ஹாலுக்கு அதுவே ஜாஸ்தி, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி.

பொட்டிக்கு ஆசாரிகிட்ட முக்கா இன்ச் ப்ளைவுட் அறுத்து வாங்கிட்டேன், பின்பலகைக்கு மட்டும் காசு மிச்சம் பண்றேன்னு எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை) போட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு, அப்புறம் சொல்றேன்.

மொத நாள் பாட்டு போட்டா பேஸே இல்ல! போர்டுதான் டூப்ளிகேட்னு ரெண்டு நாள் திட்டிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு ஊதுபத்தி கொளுத்தி பொட்டிய சுத்தி காட்டினேன், வயர் வர்ற ஓட்டைகிட்ட புகை டங்கு டங்குனு ஆடுது. காத்து ஒழுகுது. எம்-சீல் வெச்சு அடைச்சேன், உள்ள கொஞ்சம் இலவம்பஞ்சு திணிச்சேன், அவ்ளோதான், வேற ஸ்பீக்கர் மாதிரி ஆயிடுச்சு.

அடுத்த தலைவலி, பாட்ட நிறுத்தினா கீஈஈனு ஒரு சத்தம். ப்ளூடூத் போர்டும் ஆம்பும் ஒரே சப்ளை, ஒரே நெகட்டிவ், அதனால ப்ளூடூத்தோட இரைச்சல் ஆம்புக்குள்ள போகுது. வயர மாத்தி மாத்தி சால்டர் பண்ணி ஒரு மாசம் போச்சு. கடைசில ப்ளூடூத்துக்கு மட்டும் தனியா ஒரு ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் (பி0505எஸ், ரெண்டு பக்க நெகட்டிவையும் பிரிச்சு வெச்சு கரண்ட் குடுக்கும், சுண்டுவிரல் நுனி அளவுதான்) போட்டதும் சுத்தமா நின்னுடுச்சு. இத முதல்லயே பண்ணிருக்கணும்.

பேட்டரிய பத்தி கேக்காதீங்க. பழைய லேப்டாப்ல இருந்து கழட்டின 18650 லித்தியம் செல் மூணு, ஒன்றரை வருஷம் வந்துச்சு. ஒரு செல் மட்டும் சீக்கிரம் எறங்கிடும், உடனே பிஎம்எஸ் (செல்ல காப்பாத்தற சர்க்யூட்) மொத்தத்தையும் கட் பண்ணிடும், பாட்டு பாதில நிக்கும். கழட்டிட்டேன், இப்போ அடாப்டர் மட்டுந்தான்.

அந்த எம்டிஎஃப் பலகையா? மாப் போடற தண்ணி பட்டு பட்டு அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி ஊதிடுச்சு, ஸ்க்ரூ நிக்கல, போன மழைக்கு ப்ளைவுட்டா மாத்தினேன். மத்த பலகைக்கெல்லாம் ஒண்ணும் ஆகல.

இப்போ கிச்சன்ல இருக்கு, அம்மா நாள் முழுக்க ஓட்டறாங்க. வால்யூம் திருகறப்போ கரகரங்குது, பத்து தடவ அப்படி இப்படி திருப்பினா சரியாகுது, ரெண்டு மாசமா புது வால்யூம் கன்ட்ரோல் வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கேன்.