555 புத்தகத்தில் இருந்த வாடகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க எனக்கிருந்த விடுமுறை பன்னிரண்டே நாள். அதில் மூன்றை ஒரு வீட்டு முகவர் தின்றுவிட்டார். ஆள் குடியிருக்கும் ஒற்றை மாடி வரிசை வீடு. விலை 240,000 வெள்ளி (ரிங்கிட்), மாத வாடகை 1,100 என்றார். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டால், "முதலில் 2 விழுக்காடு முன்பணம் கட்டுங்கள் அண்ணே, மற்றதெல்லாம் பிறகு" என்பதே பதில். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஆஃபர் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கும் மறுத்துவிட்டார். எனக்குக் கொதித்தது.

மெல்பர்னில் அந்த வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஏலத்தில் எடுக்காத வீடென்றால், கையெழுத்துக்குப் பிறகும் மனம் மாற மூன்று வேலை நாள் உண்டு. குடியிருப்பவரின் வைப்புத்தொகையை அரசு அமைப்பு வைத்திருக்கும். இங்கே அது வீட்டுக்காரர் கையில். வீடு கைமாறும்போது கேட்டு வாங்காவிட்டால், பின்னால் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழும்.

நான்காம் நாள் சாலையோர ஒட்டுக்கடையில் விசாரித்து வீட்டுக்காரரிடமே போய்விட்டேன். யார் வீடு யாருடையது என்பதை அங்கே இன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர். 1960இல் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தோட்ட நிலங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவராம் இவருடைய அப்பா. உள்ளே போய் ஒரு 555 புத்தகத்தோடு வந்தார்; கடன் கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேடு. அட்டை கிழிந்து, ரப்பர் வளையம் போட்டிருந்தது. மார்ச் 800. ஏப்ரல் 800. மே 500, பக்கத்தில் பென்சிலில், "பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, மிச்சம் ஜூனில்".

"1,100 யார் சொன்னது தம்பி? நான் வாங்குவது 800."

ஆண்டுக்கு 9,600. சொன்ன விலைக்கு 4 விழுக்காடுதான் தேறும். முகவர் கணக்கில் அது ஐந்தரை. 5 விழுக்காடாவது தேறட்டும் என்று நான் 192,000 என்றேன். அவர் 200,000 என்றார். வீடு இருபது ஆண்டுக்கும் மேலாக அவரிடம் இருக்கிறது; ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரி இல்லை என்பதால் இறங்கிவர அவருக்கு இடமிருந்தது. குடியிருப்பவரின் வைப்புத்தொகை 1,600ஐ என்னிடம் ஒப்படைப்பதாகவும் சொன்னார். 200,000க்கே ஒத்துக்கொண்டேன். முகவரின் கமிஷனைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் வழக்கறிஞர் அலுவலகத்தில், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற வரியை நான் வாய் திறப்பதற்குள் பெரியவரே கேட்டு எழுதவைத்தார்.