பருப்பு உருண்டைக் குழம்பு: பச்சையாகப் போடுவதா, அவிப்பதா, பொரிப்பதா?

என் அம்மா உருண்டையை இட்லித் தட்டில் அவித்துத்தான் குழம்பில் போடுவார். மாமியார் வீட்டில் கொதிக்கிற குழம்பில் பச்சையாகவே போடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் முறையை நானாகச் செய்து பார்த்தேன். பதினாறு உருண்டை உள்ளே போனது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டதைக் கெட்டியான சாம்பார் என்று சொல்லிச் சமாளித்தோம். அப்புறம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்து பார்த்ததில் கண்டதை எழுதுகிறேன்.

அரைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் பாதிப் பாதியாக ஒரு கப், 2 மணி நேரம் ஊற வேண்டும். ஊறியதும் வடிதட்டில் கொட்டிக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். காய்ந்த மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மிக்ஸி சுற்றவில்லை என்றால் நிறுத்தி, கரண்டியால் கிளறிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர்ச் சொம்பைத் தேடாதீர்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் உருட்டப் போகும் நேரத்தில்தான் பிசைய வேண்டும். உப்பு பட்டதும் வெங்காயம் நீர்விடும். என் பதினாறும் கரைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்: பிசைந்து வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

முதலில் பச்சையாகப் போடுவது. ருசிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. வேகும்போதே உருண்டை புளியையும் காரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பருப்பிலிருந்து கொஞ்சம் குழம்பில் இறங்கி, அதற்கு ஒரு திடம் கொடுக்கிறது. அதனால் ஆரம்பத்தில் குழம்பு ரசத்தைவிடச் சற்றே கெட்டியாக இருந்தால் போதும். உருண்டை நெல்லிக்காய் அளவு. குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். உடையாமல் மேலே மிதந்து வந்தால் மற்றவற்றையும் போடலாம், அதுவும் நாலைந்தாக. ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும். மேல்பக்கம் இறுகுவதற்குள் பருப்பு கரைய ஆரம்பிக்கும். முதல் உருண்டை உடைந்தால் மீதி மாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள். போட்ட பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. பாத்திரத்தின் காதைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். பாத்திரமும் அகலமாக இருக்க வேண்டும். குறுகலான சட்டியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

அவிப்பதில் இந்தப் பதற்றம் எதுவும் இல்லை. எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் 10 முதல் 12 நிமிடம், அவ்வளவுதான். காலையில் அவித்து வைத்து மாலையில் குழம்பு கூட்டலாம். குறை என்னவென்றால், ஏற்கெனவே வெந்து இறுகியதால் குழம்பு உள்ளே ஏறாது. பிட்டுப் பார்த்தால் வெளியே குழம்பு நிறம், நடுவில் மஞ்சளாக உலர்ந்த பருப்பு. குழம்பை நீர்க்க வைத்து, உருண்டை போட்டு 5 நிமிடம் கொதித்ததும் இறக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டால் ஓரளவு சரியாகும். அம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் மோர்க் குழம்பு என்றால் நான் அம்மா பக்கம். நுரை கூடியதும் இறக்க வேண்டிய குழம்பு அது. பச்சை உருண்டை வேகும்வரை கொதிக்கவிட்டால் மோர் திரிந்து தண்ணீர் வேறு, திப்பி வேறாகிவிடும். ராஜஸ்தானில் தயிர்க் குழம்பில் போடும் கட்டாவும் இப்படித்தான்: கடலைமாவை நீளமாக உருட்டி, தண்ணீரில் வேகவைத்து, துண்டு போட்ட பிறகே தயிரில் சேர்க்கிறார்கள். பஞ்சாபிகள் ‘கடி’ என்கிற தயிர்க் குழம்பில் போடும் பக்கோடாவும் பொரித்த பிறகுதான் உள்ளே போகிறது.

பொரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடையாது, குழந்தைகளுக்குப் பிடிக்கும், பாதி உருண்டை குழம்புக்குப் போகும் முன்பே காணாமல் போகும். குழம்பை நன்றாகவே குடிக்கும். ஆனால் எண்ணெய் மேலே மிதக்கும், ருசியும் வடகறிப் பக்கம் சாய்ந்துவிடும். பணியாரக் கல்லில் சுட்டால் எண்ணெய் குறையும், அந்தச் சாய்வு குறையாது. விருந்தாளி வந்து, நேரமும் இல்லாத நாளில் மட்டும் செய்கிறேன்.

இடைவழி ஒன்று உண்டு. அரைத்த விழுதை வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை வதக்கி, ஆறியதும் உருட்டி, கொதிக்கும் குழம்பில் போடுவது. பாதி வெந்திருப்பதால் உடையாது, பாதி வேகாததால் குழம்பும் ஏறும். பச்சையாகப் போடப் பயப்படுபவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். புளிக்குழம்புக்கு நான் இன்றைக்கும் பச்சையாகத்தான் போடுகிறேன்.

அவிக்கிற நாளில் மட்டும் நாலு உருண்டை கூடுதலாக வைப்பேன். மறுநாள் அவற்றை உதிர்த்து, கடுகு தாளித்து, வெந்த பீன்ஸோடு பிரட்டினால் உசிலி தயார்.