குளியலறை சீலிங்: ஜிப்சத்தில் மூன்றாண்டு, பிவிசியில் நான்கு கோடை

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீடு 1990களில் கட்டப்பட்டது. கீழ்த்தளக் குளியலறைக்கு நேர் மேலே மாடிப் பகுதியின் குளியலறை அமைந்திருப்பதால், மேலுள்ள தரைநீர் வடிந்திறங்கும் நஹானி டிராப்பும் அதன் வளைகுழாயும் கான்கிரீட் தளத்தைத் துளைத்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. 2018 டிசம்பரில் குளியலறையைப் புதுப்பித்தபோது, அந்தக் குழாய்கள் கண்ணில் படக்கூடாது என்ற ஒரே காரணத்திற்காக ஃபால்ஸ் சீலிங் போட்டோம். தளத்தில் ஆங்காங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை மேஸ்திரியிடம் காட்டியபோது அவர், "மூடிட்டா தெரியாது சார்" என்றார். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது என் தவறுதான்.

அப்போது தேர்ந்தெடுத்தது, ஈரம் தாங்கும் என்று கடைக்காரர் காட்டிய பச்சை நிற ஜிப்சம் போர்டு. அது சாதாரணப் போர்டைவிட மெதுவாகவே ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அதன் நடுப்பகுதி ஜிப்சம், இரு முகமும் காகிதம். குளியல் நீராவி அவ்வப்போது பட்டு உலர்ந்துவிடும் இடத்திற்கு அது போதும். மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும் இடத்திற்கு அது ஏற்றதன்று. 2021 நவம்பரில், பாலாற்றில் வெள்ளம் புரண்டோடிய அந்த மழை வாரங்களில், துண்டுகூட உலராத நிலையில், போர்டின் ஓரங்கள் உப்பின. காகிதத்தில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்தது. ஒரு மூலையைக் கையால் அழுத்தியபோது விரல் உள்ளே இறங்கியது.

பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. டிராப்பைச் சுற்றியுள்ள பூச்சில் நீர் கசிந்து, ஒரு கம்பி துருவேறி, அதன் கீழிருந்த கான்கிரீட் சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடுகிறது. அந்த விரிவே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மூன்றாண்டுகளாக இதை நாங்கள் பார்க்கவே வழியில்லாமல் செய்திருந்தது அந்தச் சீலிங்தான். எனவே இம்முறை முதலில் கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, கான்கிரீட்டைச் சரிசெய்து, டிராப் இணைப்பைப் புதிதாக்கினோம். பின்னர் மாடிக் குளியலறையின் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குல உயரத்திற்கு இரண்டு நாள் தண்ணீர் கட்டிவிட்டுக் கீழிருந்து கவனித்தோம். தளம் உலர்ந்தே இருந்ததை உறுதிசெய்த பிறகுதான் புதிய பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

ஆற்காடு சாலைக் கடைகளில் விசாரித்ததில் இரண்டு பொருள்கள் மிஞ்சின. கால்சியம் சிலிகேட் போர்டு நீரில் கரையாது, தீயும் பற்றாது. ஆனால் எடை அதிகம், இணைப்புகளைப் பட்டி வைத்து மூடிப் பெயின்ட் அடித்தாக வேண்டும். ஆரணியில் என் மைத்துனர் வீட்டில் போர்டு நன்றாகவே இருக்கிறது, ஆனால் இணைப்புக் கோடுகளில் பெயின்ட் உரிந்து நிற்கிறது. பிவிசி பேனலுக்குப் பெயின்டும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். நீரால் அதற்கு எந்தக் கேடும் இல்லை. தீப்பிடித்தால் நச்சுப் புகை வரும் என்பதும், வெப்பத்தில் நீளும் என்பதும் அதன் குறைகள். எடையையும் மறுபெயின்டையும் நினைத்து, 2022 ஜனவரியில் இரு குளியலறைகளுக்கும் பிவிசியையே போட்டோம்.

கீழ்க் குளியலறை 7 அடிக்கு 5 அடி. 10 அங்குல அகலமும் 10 அடி நீளமும் கொண்ட ஐந்து பேனல்களை நடுவில் வெட்டி, 5 அடிப் பக்கமாக ஒன்பது வரிசை போட்டோம். ஒரு பாதி மீந்தது. மரச் சட்டத்திற்குப் பதிலாக, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டமான ஜிஐ சேனலை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்தோம். சுவர் டைல்ஸைச் சீலிங் கோட்டிற்கு மேலும் இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டிருந்ததால் ஓரம் சுத்தமாக அமைந்தது. சீலிங்கை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதை வெண்டிலேட்டரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதன் மேல் விளிம்பிற்குக் கீழே சீலிங் இறங்கினால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது, டிராப்பிற்கு நேர் கீழே ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு திறப்புக் கதவு. பேனல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. ஓரத்திலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். பொருத்துபவருக்கு இக்கதவு அழகைக் கெடுப்பதாகத் தோன்றியது. ஆனால் இந்த நான்காண்டுகளில், ஆண்டுக்கு இருமுறையாவது டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன். பல்லி முட்டைகளைத் தவிர வேறெதையும் இதுவரை காணவில்லை.

மாடிக் குளியலறையில் என் கவனம் தவறியது. அங்கே பேனல்களை 7 அடிப் பக்கமாகவே, சுவருக்குச் சுவர் இறுக்கிப் பொருத்திவிட்டனர். அதற்கு மேலே திறந்த மொட்டைமாடி. மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தளம் அதைவிடச் சூடாகும். 20 டிகிரி வேறுபாட்டிற்கு 7 அடிப் பேனல் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். நீள இடமில்லாததால் அந்த மே மாதமே பேனல்கள் அலையலையாகத் தொங்கின. கழற்றி இரு முனைகளிலும் 5 மி.மீ. வெட்டி, இடைவெளியைப் பீடிங் என்னும் ஓரப்பட்டையால் மறைத்த பின்னர் வந்த மூன்று கோடைகளிலும் ஒன்றும் ஆகவில்லை. பொருளைக் குறை சொல்லத் தொடங்கியிருந்த என் மனைவியும் அதன் பிறகு விட்டுவிட்டார்.

எதிர்பாராத இன்னொன்று, ஆசிட். போர்வெல் நீரின் உப்புக் கறைக்காக டைல்ஸை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது எங்கள் பகுதியில் வழக்கம். அதன் ஆவி மேலெழுந்து, திறப்புக் கதவின் சாதாரண ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. கதவிலிருந்து பழுப்பு நிறக் கோடுகள் வழிந்திருந்தன. அவற்றை எவர்சில்வர் ஸ்க்ரூக்களாக மாற்றினோம், ஆசிட்டையும் நிறுத்தினோம். சீலிங்கைத் துடைக்கச் சோப்பு நீரும் துணியும் போதும்.

செலவைப் பொறுத்தவரை, சதுர அடிக் கணக்கை நம்ப வேண்டாம். 35 சதுர அடிக்காக ஆளும் ஏணியும் வர வேண்டியிருப்பதால், எல்லாரும் மொத்தக் கூலியாகவே கேட்கிறார்கள். இரு குளியலறைகளையும் ஒரே நாளில் முடித்ததால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

மீந்த அந்த அரைப் பேனலை அண்மையில் பரணிலிருந்து இறக்கி, மேலே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்இடி விளக்கைச் சுற்றிலும் வெண்டிலேட்டர் பக்கத்திலும் பேனல் லேசாக மஞ்சளேறியிருக்கிறது. மற்ற இடங்களில் வேறுபாடு தெரியவில்லை. துண்டை மீண்டும் பரணிலேயே வைத்துவிட்டேன்.