கியர் பொக்ஸை மாற்றவில்லை, பெயின்ட் அடித்துத் தந்தார்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஓட்டோ கியர் (தானாகவே கியர் மாறும்) வாகனம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கராஜுக்குப் போங்கள். 285,000 ரூபா கொடுத்து நான் வாங்கியது கொஞ்சம் வெள்ளி நிறப் பெயின்ட்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா அல்லியன் 240. நான்கு கியர் ஓட்டோ. பாடசாலை விடுமுறையில் மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனோம். 18 வளைவில் ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சின் அலறியது, வாகனம் மட்டும் நகர மறுத்தது. எஞ்சின் சுழற்சி காட்டும் முள் நாலாயிரத்தில் நிற்கிறது, பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார், மனைவி முருகனைக் கூப்பிடுகிறாள். எப்படியோ போய்த் திரும்பினோம்.

ஊரில் ஒரு கராஜில் காட்டினேன். முதலாளி கியரை இரண்டு தடவை 'டி' (முன்னால் போக), 'ஆர்' (பின்னால் போக) என்று மாற்றிப் பார்த்தார். பொனட்டைத் திறக்கவே இல்லை. "உள்ளே பிளேட் எல்லாம் எரிந்துவிட்டது சேர். பழுது பார்ப்பது வீண். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் பொக்ஸ் எடுத்துப் போடுவோம்" என்றார். 150,000 முற்பணம் கொடுத்தேன். நான்காம் நாள் வாகனம் வந்தது. குனிந்து பார்த்தால் பொக்ஸ் பளபளவென்று மின்னியது. கல்லடிப் பாலத்தில் வழுக்கிக்கொண்டு போனது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பையன்களுக்குத் தேநீர்ச் செலவுக்கென்று ஆயிரம் ரூபாவும் கொடுத்தேன். அந்த ஆயிரம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஐந்தாவது வாரம் பழைய கதை. காலையில் 'ஆர்' கியரில் போட்டால் மூன்று நான்கு வினாடி ஒன்றுமே நடக்காது, பிறகு 'டக்' என்று ஓர் உதை. தொலைபேசியில் கேட்டேன். புதுப் பொக்ஸ் பழக ஆயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டுமாம்.

கல்முனையில் ஒரு வயதான மெக்கானிக் காக்காவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு, 'பீ' (பார்க்கிங்) கியரில் நிறுத்தி, பொக்ஸின் ஒயில் அளவுக்கம்பியை இழுத்தது. துடைத்து மீண்டும் விட்டு எடுத்தார். நுனியில்கூட ஒயில் இல்லை. பத்து வருடமாக வாகனம் வைத்திருக்கிற நான் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"வாய்க்காலில் தண்ணீர் வற்றினால் வயலில் வோட்டர் பம்ப் என்ன செய்யும் சேர்?" என்று கேட்டார். காற்றை இழுக்கும். இங்கேயும் அதே கதைதான். ஓட்டோ பொக்ஸில் கியரை மாற்றுவது ஒயிலின் அழுத்தம். எஞ்சினின் சுழற்சியை, எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவே இருக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் ஒயில்தான் பொக்ஸுக்குக் கடத்துகிறது. வேகத்தையும் நாம் அக்சலரேட்டரை மிதிக்கும் அளவையும் பார்த்துக் வாகனத்தின் கணினி சொலினொய்ட் என்ற மின்சார வால்வுகளைத் திறந்து மூடும், ஒயில் பாய்ந்து கிளச் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கும், எந்தத் தொகுதி பிடிபடுகிறதோ அதற்கேற்ற கியர் விழும். ஒயில் குறைந்தால் அழுத்தம் போதாது, பிளேட் வழுக்கும், எஞ்சின் மட்டும் சத்தம் போடும். ஏற்றத்திலும் திருப்பத்திலும் இருக்கிற ஒயிலும் ஒரு பக்கம் ஒதுங்குவதால்தான் 18 வளைவில் எனக்கு அந்த அவமானம். இந்த ஒயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

ஒழுகிய இடம் ரேடியேட்டருக்குப் போகும் ஒயில் ஹோஸ். விரலை வைத்தால் ஈரம். முதல் கராஜ் செய்ததெல்லாம் ஒயிலை நிரப்பி விட்டதுதான்.

அப்படியானால் புதுப் பொக்ஸ்? காக்கா ஸ்குரூ டிரைவரால் ஓரத்தைச் சுரண்டினார். வெள்ளிப் பெயின்ட் சிம்பு சிம்பாக உரிந்தது, கூடவே பல வருட ஒயில் மண்ணும். எஞ்சினோடு பொக்ஸைப் பிடிக்கும் மேல் போல்ட்டுகளை டோர்ச் அடித்துக் காட்டினார். தலையிலிருந்து உடம்புவரை ஒரே துரு, ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. கீழே ஒயில் தட்டில், தாந்தாமலைக்குப் போனபோது கல்லில் அடிபட்ட என் பழைய நெளிவு. பொக்ஸ் வாகனத்தைவிட்டு இறங்கவே இல்லை.

கராஜில் கேட்டேன். தட்டை மட்டும் பழையதிலிருந்து போட்டார்களாம். அப்படியானால் பழைய பொக்ஸ் எங்கே? கொழும்புக்குத் திருப்பி அனுப்பியாயிற்றாம். போல்ட்டைப் பற்றிக் கேட்டதும் சாப்பிடப் போய்விட்டார்.

ஹோஸும் ஒயிலும் கூலியும் சேர்த்துக் காக்காவுக்குக் கொடுத்தது 31,500 ரூபா. பிளேட் தப்பிவிட்டது என்றார். ஒயில் கறுத்து, கருகிய மணம் வந்திருந்தால் உண்மையாகவே பொக்ஸை இறக்க வேண்டியிருந்திருக்கும். என்னுடையது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

பொக்ஸை மாற்றச் சொன்னால், கழற்றிய பழையதைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். புதிதாகப் போடும் பொக்ஸின் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது 'கியர் பொக்ஸ் வேலை' என்று பேனாவால் எழுதிய ஓர் அட்டைத் துண்டு. அதையும் உரிந்த பெயின்டின் படங்களையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய துரித இலக்கம் 1977. கராஜின் பெயரைக் கேட்கிறவர்களுக்கு: விசாரணை முடியும்வரை எழுத மாட்டேன்.